அண்ணாச்சி வீட்டு விருந்தில் நடந்த டிரேட்

நடுநாயகமாக வீற்றிருக்கும் மன்றத் தலைவர், எலும்பு மருத்துவர், வயது வித்தியாசம் இல்லாமல் எங்கள் எல்லாருக்கும் அண்ணாச்சியாகிவிட்ட டாக்டர் பால்துரை அவர்களே! அவருக்கு வலப்புறம் அமர்ந்து, இவள் என்ன சொல்லப் போகிறாளோ என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும் பொருளாளர் ஜெபதாஸ் அவர்களே! ஹூஸ்டன் பக்கமிருந்து மெனக்கெட்டு டிரைவ் பண்ணி வந்திருக்கும் பெரியோர்களே! கோடைகாலம் முழுக்கக் கணவன்மாரை ரேடியோவுக்குப் பறிகொடுத்துவிட்டுப் பொறுமையாக இருக்கும் தாய்மார்களே! தமிழில் திட்டினால் நன்றாகப் புரிந்துகொண்டு இங்கிலீஷில் பதில் சொல்லும் செல்வங்களே! கடைசி வரிசையில் கதவோரம் உட்கார்ந்திருக்கும் தம்பி ஐசக் அவர்களே! உங்கள் அனைவருக்கும் ரிச்சர்ட்சன் தமிழர் பேஸ்பால் லீகின் செயலாளர் ஜெயலீலாவின் பணிவான வணக்கம்.

இந்த 1986ஆம் ஆண்டின் தரவரிசையை வாசி, கோப்பையைத் தலைவர் கையில் கொடு, நல்ல வார்த்தை நாலு சொல், இறங்கு. இப்படிச் சொல்லித்தான் என்னை மேடை ஏற்றினார்கள். நல்ல வார்த்தையைத் தேடித் தேடிப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை. மனசு கனத்துக் கிடக்கும்போது நாக்கு மட்டும் எப்படி இனிக்கும்?

விளையாட்டு தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் லீகில் யாரும் மட்டையைத் தொட்டவர்கள் அல்ல. மாடிப்படி ஏறினாலே எங்களுக்கு மூச்சு வாங்கும். வசந்தம் பிறந்ததும் ஜெபதாஸ் வீட்டு ஹாலில் கூடி, நிஜமான ஆட்டக்காரர்களின் பெயர்களை ஏலம் விட்டு, ஆளுக்கு ஒரு காகித அணி கட்டுவோம். அந்த ஆட்டக்காரர் சிகாகோவில் பந்தை விளாசினால் இங்கே ரிச்சர்ட்சனில் நமக்குப் புள்ளி ஏறும். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் யாராவது ஒருவர் வீட்டில் சாப்பாடு. சாப்பாட்டோடு தரவரிசை, தரவரிசையோடு தர்க்கம். ஒருவர் ஆளை இன்னொருவர் ஆளோடு மாற்றிக்கொள்ளலாம், அதற்குப் பெயர் டிரேட். கடைசி இடத்தில் முடிப்பவர் அடுத்த ஆண்டு இடத்தைக் காலி பண்ண வேண்டும், ஏனென்றால் கம்பெனிகளுக்குப் புதிதாக வந்து இறங்கியவர்கள் நுழையக் காத்திருக்கிறார்கள். இதுதான் நாம் போட்டுக்கொண்ட சட்டம்.

முன்வரிசையில் நாகலக்ஷ்மி அம்மா சிரிக்கிறார்கள். காகித ஆட்டத்துக்கா இந்தப் பாடு என்று சிரிக்கிறார்கள். சிரியுங்கள் அம்மா, தப்பே இல்லை. நானும் அப்படித்தான் சிரித்தேன், ஐசக்கின் அபார்ட்மெண்டுக்கு ஒருமுறை போய் வரும்வரை. ஒரு நாற்காலி, ஒரு தட்டு, ஒரு டிவி. மனைவி கிருபாராணி பாளையங்கோட்டையில் விசாவுக்குக் காத்திருக்கிறாள். சனி, ஞாயிறெல்லாம் எப்படித் தம்பி போகிறது என்று கேட்டேன். "ஃப்ரைடே சாயங்காலம் ஆபீஸ்ல பை சொல்லிட்டு வந்தா, அப்புறம் சண்டே நம்ம லீக்லதான்க்கா வாயைத் திறக்கறேன்" என்றார். அந்த மனிதருக்கு இது விளையாட்டா? அவருக்கு இந்த ஊரில் இருக்கும் உறவே இதுதான். லீகில் இடம் போனால் ஞாயிற்றுக்கிழமை அவரை யார் கூப்பிடப் போகிறீர்கள்? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். ஏலத்தில் யாரும் சீந்தாத ஒரு புதுப்பையனை ஐசக் எடுத்தார். ஹால் முழுக்கச் சிரித்தது. மே மாதம் முடிவதற்குள் அந்தப் பையன் பந்தைப் பார்க்கவில்லை, பறக்கவிட்டான். ஐசக் அணி இரண்டாம் இடம். தலைவர் அணி நடுவில் திணறிக்கொண்டிருந்தது. ஜூன் மாதம் அண்ணாச்சி வீட்டில் விருந்து. அண்ணாச்சி தம்பியைப் பக்கத்தில் உட்காரவைத்து, தன் கையாலேயே கறியை எடுத்துத் தட்டில் வைத்து, அந்தப் பையனை எனக்குக் கொடுத்துடு, என் பிட்சரை நீ எடுத்துக்கோ என்றார். பந்து வீசுகிற அந்தப் பிட்சருக்குத் தோளில் வலி என்று பேப்பரில் வந்திருந்தது. அதெல்லாம் ரெண்டு வாரத்தில் சரியாயிடும் என்றார், தோள் பார்க்கிற டாக்டர். ஐசக், சரி அண்ணாச்சி என்றார். சோறு ஆறுவதற்குள் டிரேட் முடிந்தது. அந்தப் பிட்சர் அதற்குப் பிறகு இந்த ஆண்டு ஒரு பந்துகூட வீசவில்லை.

அண்ணாச்சி மிரட்டினாரா? இல்லை. பொய் சொன்னாரா? நான் அப்படி நினைக்கவில்லை, நம்பித்தான் சொல்லியிருப்பார். பிறகு இது எப்படி அநியாயம் என்று ஜெபதாஸ் என்னிடம் கேட்டார். ரெண்டு பேரும் ஓகே சொன்னா அது ஃபேர் டிரேட்தானே என்றார். கேள்வி நியாயம்தான் ஜெபதாஸ். ஆனால் அங்கே ரெண்டு பேரா ஓகே சொன்னார்கள்?

ஐசக் இந்த நாட்டில் இறங்கிய அன்று ஏர்போர்ட்டுக்கு வந்தவர் யார்? அண்ணாச்சி. தன் வீட்டு அறையைக் கொடுத்தவர் யார்? அண்ணாச்சி. கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர், குளிருக்குக் கோட்டு வாங்கிக் கொடுத்தவர், காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி கொண்டுபோனவர் யார்? அண்ணாச்சி, அண்ணாச்சி, அண்ணாச்சி! நான் மறுக்கவில்லை. எனக்கும் செய்திருக்கிறார். இங்கே உட்கார்ந்திருக்கும் பாதிப் பேருக்குச் செய்திருக்கிறார். அதனால்தான் கேட்கிறேன், அந்தக் கை கறியை வைத்துவிட்டுக் கேட்கும்போது, எந்தத் தமிழன் வாயில் முடியாது என்ற சொல் வரும்?

ஆபீஸில் ஐசக் முடியாது என்று சொல்வார். மேனேஜரிடமே சொல்வார், ஒரே ஆபீஸ்தானே, நான் காதால் கேட்டிருக்கிறேன். வெள்ளைக்காரன் ஒருவன் அந்தப் பையனைக் கேட்டிருந்தால், நோ வே என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பார். இங்கிலீஷில் வருகிறது. நம்மவர்களிடம் வரமாட்டேன் என்கிறது. மரியாதைக்குச் சொன்ன சரியை மனசாரச் சொன்ன சரி என்று நாமும் எடுத்துக்கொள்கிறோம். அன்றைக்கே காரடியில் பிடித்துக் கேட்டேன், ஏன் தம்பி கொடுத்தீர்கள் என்று. "சாப்பிடறப்ப கேட்டாருக்கா. எப்படி மாட்டேங்கறது?" என்றார்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். இதோ முடித்துவிடுகிறேன் அண்ணாச்சி.

எந்த டிரேடையும் ஆண்டுக்கூட்டத்தில் கைதூக்கி ரத்து பண்ணலாம் என்பதும் நம் சட்டம்தான். அந்த டிரேடே நடக்கவில்லை என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐசக் மூன்றாம் இடத்துக்கு வருகிறார். தலைவர் முதலிடத்திலிருந்து நான்காம் இடத்துக்குப் போகிறார். அப்போது கடைசி இடம் யாருக்கு? அங்கே யாரோ கேட்கிறீர்கள், நல்ல கேள்வி. எனக்கு! இந்த ஜெயலீலாவின் அணிக்கு. லீகை விட்டு நான் போக வேண்டும். தெரிந்துதான் இந்த மைக்கின் முன் நிற்கிறேன்.

அன்புடையோரே! கடல் தாண்டி வந்தோம், கல்லூரிகளில் கற்பித்தோம், கம்பெனிகளில் கணினி செய்தோம். அன்பாக இருக்கும் ஒருவரிடம் முடியாது என்று சொல்ல மட்டும் நாம் கற்றுக்கொள்ளவில்லை. அது நன்றிகெட்டதனமா? செய்த உதவிக்கு நன்றி சொல்வோம், காலமெல்லாம் சொல்வோம். ஆனால் வாயையே எழுதிக் கொடுத்துவிட வேண்டுமா? இன்று ஒருமுறை, ஒரே ஒருமுறை, முடியாது அண்ணாச்சி என்று சொல்லுங்கள். அவரும் சின்ன மனசுக்காரர் இல்லை, தாங்கிக்கொள்வார். இந்த டிரேட் நியாயம்தான் என்று நினைப்பவர்கள் கை தூக்குங்கள்.

ஜெபதாஸ். சரி. இந்தப் பக்கம் நான்கு கைகள். அந்தப் பக்கமும். தாய்மார்களே, அணி இல்லாத உங்களுக்கு ஓட்டு இல்லை, கையை இறக்குங்கள். இன்னும் தூக்குகிறீர்களா? தூக்குங்கள்.

கதவோரம் ஒரு கை தெரிகிறது. தம்பி, நீங்களுமா?

இனி நான் எண்ண வேண்டியதில்லை. டிரேட் செல்லும். தீர்ப்பு உங்களுடையது, தலை வணங்குகிறேன். ஆனால் என் இடத்தை என்ன பண்ணுவது என்பது என் இஷ்டம். தம்பி ஐசக், அடுத்த ஆண்டு என் இடத்தில் நீங்கள் இருங்கள். அக்கா கேட்கிறேன், எடுத்துக்கொள்ளுங்கள்.

என்ன தம்பி? சத்தமாகச் சொல்லுங்கள், மைக்குக்குக் கேட்கவில்லை.

"முடியாதுக்கா" என்கிறார். "உங்க சீட்டை நான் எடுத்துக்க முடியாது" என்கிறார்.

எந்தச் சொல்லுக்காக இவ்வளவு நேரம் தொண்டை வற்றக் கத்தினேனோ, அந்தச் சொல்லை அவர் சொல்லிவிட்டார். எனக்குச் சொல்லிவிட்டார். கோட்டை மாட்டிக்கொள்கிறார், கதவைத் திறக்கிறார், போகிறார்.

முதலிடம், டாக்டர் பால்துரை. கடைசி இடம், ஐசக். கோப்பையை மேசைமேல் வைக்கிறேன், கையில் கொடுக்க மனம் வரவில்லை, மன்னியுங்கள். பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், ஓட்டில்லாமலே கை தூக்கிய தாய்மார்களுக்கும், நமக்கெல்லாம் சமைத்துவிட்டுச் சமையலறையில் நின்றுகொண்டிருக்கும் ஜோசபின் ஆன்ட்டிக்கும் என் நன்றி. எல்லாரும் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள். அண்ணாச்சி, அவர் இன்னும் கார் ஸ்டார்ட் பண்ணவில்லை. போய்க் கூப்பிடுங்கள். நீங்கள் கூப்பிட்டால் அவர் மாட்டேன் என்று சொல்லமாட்டார். வணக்கம்.