பூ நிற்க ஒரு மருந்து

எலுமிச்சையில் பூ உதிர்வது பெரிய விஷயமில்லை ஐயா. நூறு பூவில் ஐந்தாறு நின்றாலே நல்ல காய்ப்பு. ஒவ்வொரு பூக்காம்பின் அடியிலும் கழன்று விழுவதற்கென்றே மெல்லிய அடுக்கு ஒன்று உண்டு. அது மரத்தின் பிறவிக் குணம். எது எப்போது கழல்வது என்பது மரத்துக்குள் ஓடும் ஹார்மோன்களின் பாடு.

எண்பத்தேழு செப்டம்பரில், கரியாலூருக்கு மேலே மலையில் பெரியண்ணன் என்பவனின் எலுமிச்சைத் தோப்பெல்லாம் பூ. நான் வேளாண்மை அலுவலகத்தில் தற்காலிகக் களப்பணியாளன். அந்தத் தோப்பைக் காய்க்கவைத்துக் காட்டினால் வேலை நிரந்தரம் என்றார்கள். பூ நிற்க ஹார்மோன் மருந்து தெளித்தேன். அளவாகப் போட்டால் பூவைப் பிடித்துவைக்கும், மிஞ்சினால் அதுவே உதிர்த்துவிடும். படித்தவன்தான். இருந்தும் ஆசையில் பல மடங்கு ஊற்றிவிட்டேன்.

ஆறாம் நாள் பூவெல்லாம் தரையில் கிடந்தது.

"இன்னாங்க சார் ஆச்சு?" என்றான் பெரியண்ணன்.

வேலை போய்விடுமே என்று பயமாக இருந்தது. "தீட்டோட யாராச்சும் உள்ள வந்தாங்களா?" என்று கேட்டேன்.

அவன் தன் மனைவி வெள்ளச்சியைப் பார்த்தான். தினமும் தண்ணீர் பாய்ச்சியவள் அவள்.

"நான் முழுவாம இருக்கேங்க சார், மூணு மாசம். எனக்கு ஏது தீட்டு? மருந்து அடிச்சது நீங்கதானே?" என்றாள். கெட்டிக்காரி.

"மருந்துல ஒரு குறையுமில்ல. லேசா பட்டிருந்தாலும் தீட்டு தீட்டுதாம்மா."

வழக்கப்படி அவளை ஊருக்கு வெளியே தீட்டுக் குடிசையில் வைத்தார்கள். நல்ல மழை. நாலாம் நாள் அவளுக்கு ரத்தப்போக்கு கண்டது. அந்த வாரம் நடந்த இடஒதுக்கீட்டு மறியலில் வெட்டிப்போட்ட மரங்கள் கீழ்ரோடெங்கும் கிடந்தன. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு வண்டி போகாது. டோலி கட்டித்தான் தூக்க வேண்டும். அதற்கு நாலு ஆள் வேண்டும். தீட்டுக்காரியைத் தொட ஒருவனும் வரவில்லை.

பெரியண்ணன் மழையில் வந்து என் காலைப் பிடித்தான். "மருந்தாலதான் கொட்டிச்சுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க சார். தூக்கிக்கினு ஓடிடுவானுங்க."

"எனக்கு இன்னாப்பா தெரியும்?" என்றேன்.

விடிந்தபோது அவள் உயிரோடு இல்லை. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இப்போதும் தோன்றவில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். ரோடு மறித்ததால் செத்தாள் என்று ஊர் பேசியது. பூ உதிர்ந்தது மழையால் என்று அறிக்கை எழுதினேன். தை மாதம் நிரந்தர உத்தரவு வந்தது.

மருந்தைக் கூட்டிக் கலந்தது நான்தான். வாயைத் திறக்காமல் அவளைச் சாகவிட்டதும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். இதையும் சேர்த்து எழுதுங்கள் ஐயா: அவளுக்குத் தீட்டு என்று நான் சொல்லவே இல்லை. கேள்விதான் கேட்டேன்.