உறை பிரிக்காத குழாய்

சளி உறிஞ்சுகிற மெஷினைத் துடைத்து, ஒயரைச் சுருட்டிக் கட்டி வைத்திருக்கிறேன், சிஸ்டர். வாடகைக்கு எடுத்த பொருளை வந்தபடியே திருப்பிக் கொடுப்பது என் பழக்கம். முந்தாநாள் காலை நீங்கள் கொடுத்துவிட்டுப் போன புதுக் குழாய் ஏன் உறை பிரிக்காமல் இருக்கிறது என்று கேட்கிறீர்கள். பழையதைத் தூக்கிப் போடச் சொன்னீர்கள், போட்டுவிட்டேன். புதியதையும் குப்பையில் போட்டிருந்தால் நீங்கள் கேட்டிருக்கவே மாட்டீர்கள். நல்ல பொருளை வீணாக்க மனம் வரவில்லை. உட்காருங்கள், சொல்கிறேன்.

மாமனாரைப் பார்த்துக்கொள்வதில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை. பக்கவாதம் வந்த பிறகு அவருக்கு இருமித் துப்பக்கூடத் தெம்பில்லை. சளி நெஞ்சில் கட்டிக்கொண்டு, உலை கொதிக்கிற மாதிரி கொறகொறவென்று சத்தம். மருந்துப் புகை வைப்பது, ஒருக்களித்துப் படுக்க வைத்து உள்ளங்கையைக் குழித்து முதுகில் தட்டுவது, பிறகு குழாயை விட்டு உறிஞ்சி எடுப்பது, எல்லாம் நீங்கள் சொல்லிக்கொடுத்தது. "இளக்கினா உடனே எடுத்துடணும்மா. பாதியில விட்டா மூச்சையே அடைச்சிடும்" என்றீர்கள். அது எனக்கு நன்றாகவே மனதில் பதிந்துவிட்டது.

மருமகளா, மகளா என்று சொந்தக்காரர்கள் மெச்சினார்கள். மெச்சட்டும். அவர் முதுகில் தட்டும்போதெல்லாம் நான் என் மகளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உங்களுக்குத் தெரியாது, எனக்கு ஒரு பெண் குழந்தை இருந்தாள். அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தாள். ஒரு மதியம் அவள் நெஞ்சிலும் இதே சத்தம். உதடு நீலம் பாரித்திருந்தது. காரை எடுக்கச் சொல்லிக் கெஞ்சினேன். "சளிதானே? இதுக்குப் போய் ஆஸ்பத்திரியா?" என்று சொல்லிவிட்டு, மாமனார் கார் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தூங்கப் போனார். அவர் மதியம் கண்ணயர்ந்தால் இந்த வீட்டில் யாரும் மூச்சுக் காட்டக் கூடாது. என் கணவர் அவர் அறைவரை போனார், கதவில் கை வைத்தார், திரும்பி வந்தார். "அப்பா எழுந்திருக்கட்டும்" என்றார். நான் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் ஓடினேன். ஆஸ்பத்திரிப் படியேறும்போது சத்தம் நின்றிருந்தது. வெறும் கையோடு வீட்டுக்கு வந்தபோது மாமனார் எழுந்து காபிக்காகக் காத்திருந்தார். நான்தான் போட்டுக் கொடுத்தேன்.

கோபம் என்று நினைத்துவிடாதீர்கள். கோபக்காரியால் இத்தனை பொறுமையாக ஒருவருக்கு மலமும் மூத்திரமும் அள்ள முடியுமா? அவர் வேறு ஏதாவது வியாதியில் போய்ச் சேர்ந்திருந்தால்தான் எனக்கு வயிறெரிந்திருக்கும்.

முந்தாநாள் மதியம் புகையைக் கொஞ்சம் கூடுதலாகவே வைத்தேன். தட்டினேன். சளி நன்றாக இளகி மேலே வந்தது. குழாய் வரும் என்று அவராகவே வாயைத் திறந்துகொண்டார், பாவம். நான் அவரை மல்லாக்கப் படுக்க வைத்து, போர்வையை இழுத்துவிட்டு, காதருகே குனிந்து, "சளிதானே மாமா" என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது, கண்ணிலேயே தெரிந்தது. கதவைச் சாத்திவிட்டு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

கணவர் சாப்பிட வந்தார்.

"அப்பாகிட்டேர்ந்து என்ன இப்படிச் சத்தம் வருது?"

"தூங்குறாரு. எழுப்பாதீங்க."

கதவில் கை வைத்தார். எடுத்துக்கொண்டார். செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஓசைப்படாமல் நடந்து போனார். உள்ளே சத்தம் அடங்கும்வரை நான் எழுந்திருக்கவில்லை. ஆமாம் சிஸ்டர், நான்தான் கொன்றேன். நிம்மதியாக இருந்தது.

யாரிடம் சொல்ல வேண்டுமோ தாராளமாகச் சொல்லுங்கள். எல்லாம் அவரோடு போயிற்று. இனி எனக்கு யார் மேலும் எந்த வருத்தமும் இல்லை.

கணவருக்குத்தான் காலையிலிருந்து ஒரே இருமல், நெஞ்சில் கட்டியிருக்கிறது. நான்தான் பார்த்துக்கொள்கிறேன். மெதுவாகப் பேசுங்கள், உள்ளே தூங்குகிறார். மெஷினை மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள்.