ஒடியாக் கதைப் புத்தகங்கள்

சூலூரிலிருந்து கோவைக்கு வரும் பஸ்ஸில் என் முன் இருக்கையில் இரண்டு ஆசிரியைகள் பேசிக்கொண்டு வந்தார்கள். "எனக்கு ஒரு எழுத்துக்கூடத் தெரியாத புத்தகங்களை நம்ம லைப்ரரிக்கு எடுத்துப்போட்டேனுங்க டீச்சர்" என்று ஜன்னலோரம் இருந்தவர் சொன்னதும் என் கவனம் அங்கே போனது.

"அதென்ன புத்தகமுங்க?"

"ஒடியாக் கதைங்க. ஒடிசாவுல இருந்து மில் வேலைக்கு வந்தவிய புள்ளைக நம்மகிட்டப் படிக்குதுகல்லங்க, அதுகளுக்கு."

"நல்ல கதையான்னு நீங்க எப்படிக் கண்டீங்க?"

"வேண்டாததைத் திருப்பித் தர்றேன்னு புத்தகக் கடையில கேட்டு ஒரு கட்டு வாங்கிட்டு மில் குவார்ட்டர்ஸுக்குப் போனேனுங்க. அம்மாக்களைப் படிச்சுக் காட்டச் சொன்னேன். எதையெல்லாம் புள்ளைக மறுபடியும் கேட்டுச்சுகளோ, அதை மட்டும் எடுத்தேன்."

"ஹெச்.எம். ஒத்துக்கிட்டாருங்களா?"

"எங்கீங்க. தமிழ்ப் பள்ளிக்கூடத்துல இது எதுக்கு, கடைக்கே திருப்பிக் குடுங்கன்னுட்டார். ஒரு தடவை கேட்டுப் பாருங்க சார்னு சொல்லி, ஒரு அம்மாவை வகுப்புக்குக் கூப்பிட்டுப் படிக்க வச்சேன். நம்ம புள்ளைக ஒண்ணும் புரியாம முழிச்சுதுக. அப்ப அந்தம்மாவோட மக எந்திரிச்சு, ஒவ்வொரு வரியா தமிழ்ல சொல்ல ஆரம்பிச்சுட்டா. சேர்ந்ததிலிருந்து வாயே தொறக்காத புள்ளைங்க அது."

மற்றவர், "நானா இருந்தா கட்டைத் திருப்பிக் குடுத்திருப்பேனுங்க" என்றார். பிறகு, "சார் என்ன சொன்னார்?" என்று கேட்டார்.

"கடைசி பெஞ்சுல உக்காந்து முழுக்கதையும் கேட்டாருங்க. முடிஞ்சதும் அந்தப் புள்ளைகிட்டப் போய், 'அடுத்த கதை என்னைக்கு அம்மணி?'ன்னார்."