பெயர் கேட்காமல் வளர்த்த செடி

இந்த மலர்க் கண்காட்சியைத் தொடங்கி வைத்து, மணக்க மணக்கப் பேசி, இப்போது மனநிறைவோடு அமர்ந்திருக்கும் மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே! தோளிலும் தலையிலும் தொட்டிகளைச் சுமந்து படியேறி வந்து, இந்த மண்டபத்தையே சோலையாக்கித் தந்திருக்கும் விழாக் குழுவினரே! வயதில் மூத்தவர்களே, வயதை மறைப்பதில் அவர்களையும் மிஞ்சியவர்களே! ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் பூச்செடியுமாக வந்து, எதை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருக்கும் என் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் என் அன்பான வணக்கம்.

எனக்குத் தந்திருக்கும் தலைப்பு, ‘மலரும் மகிழ்ச்சியும்’. அழகான தலைப்பு. போன ஆண்டு இதே மேடையில் இதே தலைப்பில் நான் பேசியிருக்கிறேன். மலர் என்றால் மென்மை, மலர் என்றால் மேன்மை, வளர்க்க அன்பு மட்டும் போதும் என்று முழங்கியிருக்கிறேன். நீங்களும் கை தட்டியிருக்கிறீர்கள். ஆனால் இன்று அப்படிப் பேச எனக்கு நா எழவில்லை ஐயா! நா எழவில்லை என்பது வழக்கமாக நாம் சொல்லும் ஒரு சொல். அந்தச் சொல்லின் முழுப் பொருளையும் இந்தக் கண்களால் பார்த்துவிட்டு வந்து நிற்கிறேன். அதைச் சொல்லட்டுமா?

சொல்லுங்கள் என்கிறார் அந்தப் பெரியவர். சொல்கிறேன்.

எனக்கு ஒரு தங்கை. மூக்குக்கண்ணாடி விற்கும் கடையில் வேலை. வருகிறவர்களின் கண்ணுக்கும் காதுக்கும் அளவெடுத்து, சட்டத்தை வளைத்து நிமிர்த்திப் பொருத்திக் கொடுப்பாள். கல்யாணமாகி நெடுங்காலம் அவளுக்குக் குழந்தை இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி அலுத்தவள், ஒருநாள் ஒரு ரோஜாத் தொட்டியோடு வீட்டுக்கு வந்தாள். அன்று தொடங்கியது. ஜன்னல் ஓரம் செடி, மாடிப்படியில் செடி, குளியலறைத் திட்டில் செடி, தொலைக்காட்சிப் பெட்டிக்கு இரண்டு பக்கமும் செடி! அவள் வீட்டுக்குப் போனால் உட்கார இடம் தேட வேண்டும். ‘இப்படி உட்காரு, இல்ல இல்ல, அங்க வேர் விட்டிருக்கு’ என்பாள். என் மச்சான் அச்சகத்தில் வேலை பார்க்கிறவர், வாயில்லாப் பூச்சி. வீட்டில் தனக்கென்று மிச்சமிருப்பது கட்டிலில் பாதிதான் என்பார்.

அத்தனை செடிகளிலும் ஒரு செடிமேல் அவளுக்குத் தனிப் பிரியம். அவள் கடையில் சாமான்களை ஒழித்தபோது, வாடிப்போன செடி ஒன்றைக் குப்பையில் எறிந்தார்கள். அதன் தண்டில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டை எடுத்து வந்து நட்டாள். அது பிழைத்தது. பிழைத்ததா? கிளர்ந்தது, கிளைத்தது, அவள் தோளுக்குத் தோள் வளர்ந்து நின்றது! அகன்ற பச்சை இலை. அதில் பாலைத் தெளித்தது போல் வெள்ளைத் திட்டுகள். புது இலை ஒன்று சுருள் பிரித்தால் எனக்குத் தொலைபேசியில் செய்தி வரும். ‘அண்ணே, இன்னிக்கு ஒண்ணு கண்ணு முழிச்சிருக்கு’ என்பாள். பிள்ளை இல்லாத வீட்டில் அதுதான் பிள்ளை.

பிறகு பிள்ளையும் பிறந்தது. பெண் குழந்தை. நாங்கள் குட்டிம்மா என்றுதான் கூப்பிடுவோம். குட்டிம்மா தவழ ஆரம்பித்ததும் என் தங்கை மறுபடியும் வேலைக்குப் போனாள். பகலில் குழந்தையைப் பார்த்துக்கொண்டது அவளுடைய நாத்தனார். என் மச்சானின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளாமல் தம்பி வீட்டோடு இருப்பவர். அதிகம் பேச மாட்டார். ‘ம்’ என்பதே அவருக்கு ஒரு நீண்ட வாக்கியம். ஒரே சமையலறை, ஒரே துணிக்கொடி, ஒரே வீட்டுச் சாவி. ஆனாலும் இருவருக்கும் நடுவில் ஒரு மெல்லிய கண்ணாடிக் கதவு எப்போதும் சாத்தியே இருந்தது. நாத்தனார் உறவு அப்படித்தானே என்கிறீர்களா? அங்கே ஓர் அம்மா பலமாகத் தலையாட்டுகிறார். பக்கத்தில் இருப்பவர் யாரென்று பார்த்துவிட்டு ஆட்டுங்கள் அம்மா!

ஒரு பிற்பகல். நாத்தனார் குழந்தைக்கு வாழைப்பழத்தைப் பிசைந்து ஊட்டிவிட்டுக் கிண்ணத்தைக் கழுவச் சமையலறைக்குள் போனார். கழுவிக் கவிழ்க்கும் நேரம்தான். கூடத்தில் குழந்தை வீரிட்டது. வீரிட்ட சத்தம் பாதியில் அறுந்தது. ஓடி வந்து பார்த்தால், குழந்தை அழுகிறது. வாய் திறந்திருக்கிறது, முகம் சிவந்திருக்கிறது, கண்ணீர் வழிகிறது, சத்தம் மட்டும் வரவில்லை!

எண்ணிப் பாருங்கள் தாய்மார்களே! பிள்ளை அழுதால் பதறுவோம். அழுகையின் ஓசையே இல்லாமல் ஒரு பிள்ளை அழுதால்? எச்சில் நூலாய் ஒழுக, நாக்கு தடித்து உதட்டை முட்ட, அந்தப் பிஞ்சு கைகளை உதறி உதறித் துடித்தது. நாத்தனார் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு செருப்பில்லாமல் தெருவுக்கு ஓடினார்.

மருத்துவமனைக்கு நான் போனபோது என் மச்சான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். என் தங்கை கடையிலிருந்து அப்படியே வந்திருந்தாள். யாரோ ஒரு வாடிக்கையாளரின் கண்ணாடிச் சட்டம் அவள் கையிலேயே இருந்தது. மருத்துவர் ஓர் இளம்பெண். நிதானமாகத்தான் கேட்டார். குழந்தை என்ன சாப்பிட்டது? மாத்திரை எதையாவது விழுங்கியதா? தரை துடைக்கும் திரவம் கையில் கிடைத்ததா? வீக்கம் தொண்டைக்கு இறங்கினால் மூச்சு அடைக்கும், குழாய் வைக்க வேண்டிவரும், காரணம் தெரிந்தால் நல்லது என்றார். எல்லோருடைய கண்ணும் நாத்தனார் பக்கம் திரும்பியது.

வாழைப்பழம் கொடுத்தேன் என்றார் அவர். வேறு? வேறொன்றுமில்லை.

என் தங்கை அவர் முன்னால் போய் நின்றாள். சத்தமாகக்கூடப் பேசவில்லை.

“என்ன குடுத்தீங்க அண்ணி? உண்மையச் சொல்லுங்க.”

“வாழைப்பழம்தாம்மா.”

“வாழைப்பழத்துல நாக்கு இப்படி வீங்குமா? உங்கள நம்பி விட்டுட்டுப் போனேன் பாருங்க, என்னைச் சொல்லணும்.”

கொஞ்சம் பொறும்மா என்று நான் குறுக்கே போனேன். என்னை அவள் பார்த்த பார்வையில் நான் வந்த வழியே திரும்பி நின்றேன். நாத்தனார் அழவில்லை. தம்பியின் முகத்தைப் பார்த்தார். தம்பி தரையைப் பார்த்தார். அவ்வளவுதான். அந்த அம்மாள் வெறுங்காலோடு வராந்தாவைக் கடந்து போய்விட்டார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தோம்.

அவர் போனது வீட்டுக்கு. பிறகு அவரே சொல்லி நாங்கள் அறிந்தது இது. கூடத்தில் மண்டியிட்டு, குழந்தையின் உயரத்துக்குத் தன்னைத் தாழ்த்திக்கொண்டு, குழந்தையின் கைக்கு எட்டக்கூடிய ஒவ்வொரு பொருளாகத் தேடியிருக்கிறார். சோபாவுக்கு அடியில் ஒன்றுமில்லை. மேசைக்குக் கீழே ஒன்றுமில்லை. நிமிர்ந்தபோது, ஜன்னலோரத்தில் என் தங்கையின் செல்லச் செடி. அதன் அடி இலையில், ஓரத்தில், சின்னதாய் ஒரு கிழிசல். நன்றாகப் பார்த்தால், பல் பதிந்த தடம். இரண்டே பல் முளைத்த வாய் அந்த வீட்டில் ஒன்றுதானே உண்டு?

உடனே தம்பியைத் தொலைபேசியில் அழைத்தார். தம்பி நம்பவில்லை. நம்புவாரா? நீங்களாயிருந்தால் நம்புவீர்களா? கடையில் விற்கிற செடி, வங்கியிலும் வரவேற்பறையிலும் வைக்கிற செடி, அது போய் வாயை அடைக்குமா? ‘அக்கா, இருக்கிற வேதனையில நீ வேற எதையாவது உளறாத’ என்று வைத்துவிட்டார்.

அந்த அம்மாள் அடுத்துச் செய்ததைக் கேளுங்கள். அந்த இலையில் ஒரு துண்டைக் கிள்ளினார். தன் வாயில் போட்டார். மென்றார்!

ஐயோ என்கிறீர்கள். நானும் அதைத்தான் சொன்னேன். யாரும், எந்தக் காரணத்துக்காகவும், அப்படிச் செய்துவிடாதீர்கள். இலையை எடுத்துக்கொண்டு நேரே மருத்துவரிடம் ஓடியிருக்கலாம், அதுவே போதும். ஆனால் சொல்லை யாரும் நம்பாதபோது, மனிதருக்குச் சாட்சி சொல்ல மிஞ்சுவது உடம்புதானே!

வராந்தாவின் கடைசியில் அவர் வருவதை முதலில் பார்த்தவன் நான். கையில் காகிதத்தில் சுற்றிய இலை. இன்னொரு கையால் வாயைப் பொத்தியிருந்தார். விரலிடுக்கில் எச்சில் ஒழுகியது. என் தங்கை முன்னால் வந்து நின்று வாயைத் திறந்தார். நாக்கு தடித்திருந்தது. ஏதோ சொல்ல முயன்றார். வெறும் காற்றுதான் வந்தது. சத்தம் வரவில்லை! ஊமையாகிப்போன அந்த வாயை ஒரு விரலால் காட்டினார். குழந்தை இருந்த அறையைக் காட்டினார். இலையை நீட்டினார்.

சற்று முன்னால் எந்த வாயைப் பார்த்து ‘உண்மையச் சொல்லுங்க’ என்று கேட்டாளோ, அந்த வாய் உண்மையைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்துவிட்டது. ஆனால் சொல்ல முடியவில்லை!

மருத்துவர் இலையைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். டிஃபன்பேக்கியா என்றார். அதன் சாற்றில் ஊசி ஊசியாய், கண்ணுக்குத் தெரியாத படிகங்கள் உண்டாம். கடித்தால் அவை நாக்கிலும் தொண்டையிலும் தைக்குமாம். பேச்சை அடைப்பதால் ஊமைத்தண்டு என்ற பொருளில் ஆங்கிலத்தில் அதற்கு ஒரு பெயரே உண்டாம். பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது ஐயா! நாம்தான் பெயரைக் கேட்கவில்லை!

குழந்தைக்கு என்ன செய்ய வேண்டும் என்பது அப்போது மருத்துவர்களுக்குத் தெளிவாகிவிட்டது. நாத்தனாரைப் பக்கத்து அறையில் படுக்க வைத்தார்கள். நாக்கைக் குளிர்ந்த துணியால் துடைக்க வேண்டும் என்று செவிலி சொன்னாள். என் தங்கை அந்தத் துணியை வாங்கிக்கொண்டாள். துடைத்தாள், நனைத்தாள், மறுபடி துடைத்தாள். நாத்தனார் அவள் கையை விலக்கி விலக்கிப் பக்கத்து அறையைக் காட்டினார். முதலில் பிள்ளையைப் பார் என்று பொருள். இவள் நகரவில்லை.

வீக்கம் தொண்டைக்கு இறங்கவில்லை. குழாய் வைக்க வேண்டியிருக்கவில்லை. குட்டிம்மாவின் குரல் கரகரவென்று திரும்பி வந்தபோது, ஒரு தவளை கத்துவது போல் இருந்தது. அதைவிட இனிய சங்கீதத்தை நான் கேட்டதில்லை. நாத்தனாருக்குக் குரல் வர இன்னும் தாமதமாயிற்று. என் தங்கை கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். மன்னிப்புக் கேட்க எத்தனையோ முறை வாயெடுத்தும் முடியாமல் இருந்தாள். அப்போது அந்த அம்மாள் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா?

“அந்த வாழப்பழம் நல்ல பழம்தாம்மா.”

என் தங்கை அந்தக் கட்டிலிலேயே கவிழ்ந்து அழுதாள். சிரிக்காதீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை. நாங்களும் சிரித்துக்கொண்டேதான் அழுதோம்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். முடித்துவிடுகிறேன்.

வீட்டுக்கு வந்ததும் என் மச்சான் அரிவாளை எடுத்தார். எல்லாச் செடியையும் வெட்டி எறிகிறேன் என்று நின்றார். என் தங்கை தடுத்தாள். செடி யார்மேலும் பாயவில்லை, அது தன் இடத்தில்தான் நின்றது, நான்தான் குழந்தையின் வாயருகே கொண்டுபோய் வைத்தேன் என்றாள். கையுறை மாட்டிக்கொண்டு அந்தத் தொட்டியைத் தன் கண்ணாடிக் கடைக்குத் தூக்கிப்போய், குழந்தைகள் எட்டாத உயரத்தில் வைத்தாள். பிறகு வீட்டில் மிச்சமிருந்த செடிகளின் நடுவே உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் அதிர்ந்தாள். எந்தச் செடிக்கு எப்போது தாகம் என்று அவளுக்குத் தெரியும். எந்த இலை என்று பிறந்தது என்று தெரியும். பாதிச் செடிக்குப் பெயர் தெரியாது! ஊட்டி வளர்த்தாள், உயிராய் வளர்த்தாள், யாரென்று கேட்காமல் வளர்த்தாள்!

அவள் என்னிடம் சொன்னாள். “செடிய முழுசா நம்பினேன் அண்ணே. மனுஷியத்தான் சந்தேகப்பட்டேன். ரெண்டு பேரும் யாருன்னே எனக்குத் தெரியல.”

அன்பு மட்டும் போதும் என்று இந்த மேடையில் போன ஆண்டு முழங்கினேனே, போதுமா? அன்பு இருந்தது, அறிமுகம் இல்லை! பாசம் இருந்தது, பரிச்சயம் இல்லை! ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தார்கள், ஒருவரை ஒருவர் வாசித்ததில்லை! அரளியின் அழகைத் தெரிந்த நமக்கு, அதன் ஒவ்வொரு பாகத்திலும் இருக்கும் நஞ்சு தெரியுமா? ஜன்னலில் தொங்கும் மணிபிளாண்ட் கொடியும் பிள்ளை வாயைப் புண்ணாக்கும் என்று தெரியுமா? வளருங்கள். வீடெல்லாம் வளருங்கள். வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. யாரை வீட்டுக்குள் அழைக்கிறோம் என்று கேட்டுவிட்டு அழையுங்கள் என்று கெஞ்ச வந்திருக்கிறேன். தவறிப்போய்ப் பிள்ளை கடித்துவிட்டால், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாயைத் துடைத்துவிட்டு, ஓர் இலையைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள். முக்கியமாக, பக்கத்தில் இருப்பவரைக் குற்றவாளியாக்கும் முன்னால் ஒரு மூச்சு பொறுங்கள்!

வெளியே வலப்பக்கம் ஒரு கடை இருக்கிறது. அங்கே ஒவ்வொரு தொட்டியிலும் செடியின் பெயரும், அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதும் எழுதிச் சொருகியிருக்கிறது. எழுதியவள் என் தங்கை. விற்பவர் அவளுடைய நாத்தனார். இந்தக் கதையைச் சொல்ல இருவரிடமும் அனுமதி கேட்டேன். தங்கை யோசித்தாள். நாத்தனார் ‘ம்’ என்றார். இதோ, கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, இரண்டு பேரும் கதவோரம் வந்து நிற்கிறார்கள். நடுவில் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு ஒரு குட்டிப் பெண். எல்லோரும் திரும்பிப் பார்ப்பதைக் கண்டு அவள் எதையோ உரக்கக் கத்துகிறாள் பாருங்கள். கத்தட்டும் ஐயா, யாரும் அதட்டாதீர்கள். அந்தக் குரலுக்கு மேல் என் குரல் இந்த மண்டபத்துக்குத் தேவையில்லை.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், கடிகாரத்தைப் பார்த்தும் காணாதவர் போல் இருந்த தலைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. உங்கள் வீடுகள் பூக்கட்டும், பிள்ளைகள் பேசட்டும். வணக்கம்.