பக்கத்து வீட்டுச் சம்மதம்

— மூணாவது தடவையா கேக்குறேன், சுல்தானா. கையெழுத்துப் போடுவியா, மாட்டியா?

— வேலிக்கு அந்தப் பக்கமே நின்னு கேட்டா எப்படி, பெர்னடெட் அக்கா? உள்ள வாங்க. அடுப்புல ஆணம் கொதிக்குது.

— உக்கார நேரமில்ல லா. சாயந்தரத்துக்குள்ள நகராட்சி மஜ்லிஸ் ஆபீஸ்ல கொடுக்கணும். பக்கத்து வீட்டுச் சம்மதம் இல்லாம ஹோம்ஸ்டே லைசன்ஸ் கிடையாதாம். வீட்ட மூடச் சொல்லிருவானுங்க.

— மின்மினி பாக்க வந்த கூட்டம் போன வாரம் விடியற வரைக்கும் கரோக்கே பாடுச்சே.

— அந்த மெஷினத் தூக்கியாச்சு. கார் நிறுத்தவும் கோடு போட்டாச்சு. இன்னும் என்ன?

— அதெல்லாம் எனக்குப் பெரிசில்ல, அக்கா.

— அப்புறம் எதுக்கு மஜ்லிஸ்ல எங்க மேல புகார் கொடுத்த?

— நான்னு யாரு சொன்னா?

— சொல்லணுமா? வந்த ஆபீசர் நேரா கேக்குறான், வீட்டுக்காரங்க எங்க படுக்குறீங்கன்னு. ஆளு வந்தா நாங்க சமையல்கட்டுல பாய் போடுறது வேற யாருக்குத் தெரியும்? பத்து வருஷம் அடுத்தவன் ரிசார்ட்ல கக்கூஸ் கழுவினேன், சுல்தானா. இப்பத்தான் என் சொந்த மெத்தைக்கு உறை மாட்டுறேன். இத மூடிட்டா மறுபடியும் அந்த வாளியத்தான் தூக்கணும். அத நீ பாக்கணுமா?

— நாக்க அடக்கிப் பேசுங்க.

— தங்க வர்ற உங்க ஆளுங்களுக்காகத்தானே எல்லாம் செய்யிறேன்? வெள்ளிக்கிழமை ஆனா பன்றிக்கறிச் சட்டி வெளிய. மாதா படத்தக்கூட இறக்கி வச்சிடுறேன்.

— யாரு இறக்கச் சொன்னா? வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு அந்தப் படத்துக்குக் கீழ உக்காந்துதானே பலகாரம் தின்னுறேன். ஒரு தடவ முகம் சுளிச்சேனா?

— நீ வேற. தங்க வர்றவங்க வேற.

— கில்பர்ட் படம்?

— அதுவும்தான். செத்த பிள்ள படத்துக்குக் கீழ யாரு படுப்பா? என் மகன் ரூம்லதான் ஆத்துக் காத்து வரும். எல்லாரும் அதத்தான் கேக்குறாங்க.

— இறக்கின படம் எங்க இருக்கும்?

— மாதா பீரோவுல. கில்பர்ட்டோடத எங்க வீட்டுக்காரரு எங்கயோ எடுத்து வைப்பாரு. ஞாயித்துக்கிழமை ஆளு போனதும் மாட்டிருவாரு. ஒரு வார்த்த எதிர்த்துப் பேசமாட்டாரு.

— சனிக்கிழமை முழுக்க சூசைமுத்து அண்ணன் எங்க போறாரு?

— தூண்டில் போட. சுங்கை செம்பிலாங் கரைக்கு.

— என்னைக்காவது மீன் கொண்டாந்தாரா?

— என்ன கேக்குற நீ?

— எங்க சாப்பாட்டுக் கடையில கடைசி மேசையிலதான் இருக்காரு, அக்கா. காலையிலிருந்து ஒரே ஒரு தேத்தண்ணி. எதிர் நாற்காலியில ஒரு துணிப்பை. அதுல யாரையும் உக்கார விடமாட்டாரு. எங்க மச்சான் ஹாஜா ஒண்ணும் கேக்கமாட்டாரு. மத்தியானம் சோறு வைப்பாரு, அவ்வளவுதான்.

— பையில...

— கில்பர்ட்தான்.

— இத்தன நாளா நீ ஏன் சொல்லல?

— அவரு சொல்லுவாருன்னு இருந்தேன். பேப்பரக் கொடுங்க, போட்டுத் தர்றேன்.

— அப்ப புகார் கொடுத்தது யாரு?

— போன சனிக்கிழமை மஜ்லிஸ் ஆளுங்க ரெண்டு பேரு கடைக்குச் சாப்பிட வந்தாங்க. அண்ணன் அந்தப் பையத் தூக்கிட்டு எழுந்து போய், அவங்க மேசையில உக்காந்தாரு.