ஏறுறேன்னு சொன்னவர்

— கை வலிக்குதாடி?

— ஊசி போட்ட இடம் கனமா இருக்கு அத்தை. அவ்வளவுதான்.

— மஞ்சள் காய்ச்சல் ஊசி அப்படித்தான். உடம்பு லேசா சுடும், பயந்துக்காதே. அந்த மஞ்சக் கார்டைப் பாஸ்போர்ட்டுக்குள்ளயே வை. அது இல்லாம அந்த நாட்டுக்குள்ள விடமாட்டான், சரியா?

— வச்சுட்டேன். உங்க கார்டு எங்க?

— அறுபது தாண்டினவங்களுக்கு யோசிச்சுத்தான் போடுவாங்க. அதை அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல பெட்டியைக் கட்டு. பருத்தித் துணியா எடு, அங்க வெயில் பொசுக்குமாம். குடையும் வை.

— டிக்கெட் வந்துடுச்சா?

— வந்துடுச்சு. அந்த டிக்கெட் போடறவன், "மேற்கு ஆப்பிரிக்காவுக்கா? டூரா பாட்டி?"ன்னு கேக்கறான். பாட்டியாம். இவன் தலையில எண்ணிப் பாத்தா எட்டு முடி இருக்கு.

— நீங்க என்ன சொன்னீங்க?

— ஆமாப்பா, கடற்கரை நல்லா இருக்குமாமேன்னேன். வேற என்ன சொல்லச் சொல்ற? அங்க ஏர்போர்ட்டுக்கு, என் மகன்கூட செல்போன் டவர் வேலை பாத்த சூப்பர்வைசர் தம்பி வந்துடும். அது வீட்டுலயே தங்கல். அன்னிக்கு நல்லாத் தூங்கணும். மறுநாள் வெயில் ஏறறதுக்குள்ள கல்லறைக்குப் போயிட்டு வந்துடணும், சரியா?

— அந்த வார்த்தை உங்க வாயில எவ்வளவு சுலபமா வருது அத்தை.

— நான் ஆஸ்பத்திரி நர்ஸ்டி. எத்தனை பேருக்கு இந்தக் கையால கண்ணை மூடி விட்டிருக்கேன். எனக்குத் தெரியும். முகத்தைப் பாத்தவங்க அழுது ஓய்ஞ்சு வீட்டுக்குப் போயிடுவாங்க. பாக்காதவங்கதான் வார்டு வாசல்லயே நிப்பாங்க, போகச் சொன்னாலும் போக மாட்டாங்க. நீ நாலு வருஷமா அப்படித்தான் நிக்கற.

— நான் என்ன பண்ணட்டும்? உங்க மகன் டவர்ல ஏறுறதுக்கு முன்னாடி "ஏறுறேன்"னு போன்ல ஒரு வார்த்தை சொல்வாரு. கீழ வந்ததும் "இறங்கிட்டேன்"னு ஒரு வார்த்தை. அது வர்ற வரைக்கும் நான் உக்கார மாட்டேன்.

— தெரியாதா? நின்னுக்கிட்டே சாப்பிடுவ.

— அன்னிக்கு ஏறுறேன்னு சொன்னாரு. இறங்கிட்டேன்னு சொல்லலை. நீங்க எல்லாரும் விழுந்துட்டாரு, விழுந்துட்டாருன்னு சொல்றீங்க. எனக்கு அவரு இன்னும் மேலதான் நிக்கறாரு அத்தை. காத்தடிச்சா வாசலுக்கு ஓடி வானத்தைப் பாக்கறேன்.

— விழுந்தவன் எப்படிடி போன் பண்ணுவான்?

— புத்திக்குத் தெரியுது. மனசு கேக்க மாட்டேங்குது. அடக்கம் பண்ணின வீடியோவுல பெட்டி மூடியே இருந்துச்சே. உள்ள யாரு இருந்தா யாருக்குத் தெரியும்?

— கொரோனாவுல ஒரு விமானம்கூட ஓடாத நேரம். உலகமே வீட்டுக்குள்ள கிடந்துச்சு. எத்தனை நாள் அவனைப் பெட்டியில போட்டு வைப்பாங்க? அங்கேயே அடக்கம் பண்ணிடுங்கன்னு நான்தான் சொன்னேன்.

— அந்த வீடியோவை நீங்க பாத்தீங்களா?

— நீ பாத்தியே, போதாதா? பேச்சை மாத்தாதே. உன் அண்ணன் நல்ல இடமா ஒண்ணு பாத்துட்டு வந்தான். நீ என்ன சொன்ன? "அவரு வந்ததும் கேட்டுச் சொல்றேன்"னியாம். பாவம், தடிமாடு மாதிரி இருக்கறவன் என் முன்னால உக்காந்து அழுதான்.

— வாயில தானா வந்துடுச்சு.

— அதான் சொல்றேன். போ. கல்லுல அவன் பேரைப் படி. மண்ணைத் தொட்டுப் பாரு. வாய்விட்டு அழு. போன உசிரு திரும்பாதுன்னு உன் மண்டையில ஏறணும். அப்புறமாவது ஒரு வாய்ச் சோத்தை உக்காந்து தின்னு. உன்னை இப்படிப் பாக்கச் சகிக்கலை கண்ணு.

— சரி.

— என்ன சரி?

— போறேன். பாத்துட்டா நம்பிடுவேன்னுதான் நினைக்கறேன். நீங்க பக்கத்துல இருந்தா தைரியமா இருக்கும். டிக்கெட்டைக் குடுங்க, பேரெல்லாம் சரியா இருக்கான்னு பாத்துடறேன்.

— நான் பாத்துட்டேன், சரியாத்தான் இருக்கு.

— குடுங்க அத்தை. இதென்ன, என் பேரு மட்டும்தான் இருக்கு?

— எனக்கு முட்டி வலிடி. ரெண்டு விமானம் மாறணுமாம்.

— விசா வாங்க நடையா நடந்தீங்க. அப்ப வலிக்காத முட்டியா?

— வயசானவளை இழுத்துக்கிட்டு நீ எங்க அலைவ?

— பெத்தவங்க நீங்க. ஒரு பிடி மண்ணு போட வேணாமா?

— நீ போட்டா நான் போட்ட மாதிரி.

— என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க. பயமா இருக்கா?

— பயம் என்னடி பயம். ரெண்டு பேரும் போனா வீட்டைப் பூட்ட வேண்டி வரும்.

— பூட்டிட்டுப் போவோம். அதுல என்ன இருக்கு?

— அவன்கிட்ட சாவி இல்லையேடி.