தூக்குக் கயிற்றை எதிர்த்து வாக்குக் கேட்டவர்

மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, முன்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் செல்வராஜ் அண்ணன் அவர்களே, ஓய்வு நாளை இதற்காக ஒதுக்கி வந்திருக்கும் தொழிலாளத் தோழர்களே, இடமில்லாமல் கதவோரம் நிற்கும் நண்பர்களே, உங்கள் அனைவருக்கும் கனத்த நெஞ்சோடு என் வணக்கம்.

என் பெயர் ரமணன். வழக்கறிஞர் பஞ்சவர்ணம் அம்மையாரின் அலுவலகத்தில் அவருக்குக் கீழே வேலை பார்த்தவன். சென்ற பொதுத்தேர்தலில் அவர் எந்தக் கட்சியையும் சாராமல் நின்றபோது அவருடைய தேர்தல் முகவராக இருந்தவன்.

இடம் போதவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள். இதே வட்டாரத்தில் இதைவிடப் பெரிய மண்டபம் ஒன்றைக் கேட்டோம். தருகிறோம் என்றார்கள். யாருக்கான கூட்டம் என்று கேட்டார்கள். பெயரைச் சொன்னோம். மறுநாள், பழுதுபார்ப்பு வேலை இருக்கிறது என்று பதில் வந்தது. ஒரு பெண் செத்த பிறகும் அவர் பெயருக்கு அஞ்சுகிறார்கள் என்றால், உயிரோடிருந்தபோது எத்தனை கதவுகள் மூடியிருக்கும்!

சென்ற வாரம், புக்கிட் மேரா வீட்டில், காலைக் காப்பியைக் கையில் எடுத்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவருடைய கூடப்பிறந்தவரான செல்வராஜ் அண்ணன் என்னைத் தொலைபேசியில் அழைத்து, "ரமணா, அக்கா போயிட்டாங்கடா" என்றார்.

யார் இந்தப் பஞ்சவர்ணம்? பல ஆண்டுகள் வீட்டுப் பத்திரமும் உயிலும் எழுதிக்கொடுத்து அமைதியாகப் பிழைத்தவர். அவர் ஏன் தேர்தலில் நின்றார்? பதவிக்கா? புகழுக்கா? பேச வேண்டியதை யாரும் பேசவில்லை என்பதற்காக நின்றார். ஞாயிற்றுக்கிழமை நம் கடைத்தெருவான தேக்காவில் புல்தரையில் உட்கார்ந்து கைபேசியில் சொந்த ஊருக்குப் பேசும் வெளிநாட்டுக் கட்டுமானத் தொழிலாளியை ஏன் சந்தேகத்தோடு பார்க்கிறோம் என்று கேட்டார். இரண்டு ஆண்கள் ஒரே வீட்டில் அன்பாக வாழ்ந்தால் யாருடைய குடி கெட்டுப்போயிற்று என்று கேட்டார். மனத்தில் பட்டதை ஓர் அட்டையில் எழுதிக்கொண்டு தெருவில் நிற்க ஒரு குடிமகனுக்கு ஏன் அனுமதி வேண்டும் என்று கேட்டார். இவற்றையெல்லாம் கேட்டுத் தலையாட்டியவர்கள்கூட ஒன்றைக் கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். போதைப்பொருள் கடத்தியவனையும் தூக்கிலிடக் கூடாது என்றார் அம்மையார்.

நாங்கள் கெஞ்சினோம். "அக்கா, மத்ததெல்லாம் பேசுங்க. இந்த ஒண்ண மட்டும் விட்டுடுங்க. ஓட்டு விழாது" என்றேன்.

"மறைச்சு வாங்குற ஓட்டு எனக்கு எதுக்கு லா? ஜெயிச்சு உள்ள போனப்புறம் சொன்னா, ஏமாத்திட்டாள்னு சொல்ல மாட்டாங்களா?" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

அன்பர்களே! இனி நான் சொல்லப்போவது ஜைனப் அம்மாள் அவர்களைப் பற்றியது. அவர் இதே மண்டபத்தில் இருக்கிறார். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் பேசுகிறேன். "உள்ளத உள்ளபடி சொல்லுங்க தம்பி, என்னை நல்லவளாக்க வேணாம்" என்றார்.

பிரசாரத்தின்போது ஒரு மாலை, புக்கிட் பாஞ்சாங்கில் ஓர் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் துண்டறிக்கை கொடுத்துக்கொண்டிருந்தோம். கையில் சந்தைப் பையோடு வந்த ஜைனப் அம்மாள் அம்மையாரின் படத்தைப் பார்த்துவிட்டு நின்றார்.

"தூக்கு வேணாங்கிற பொம்பள நீங்கதானா?"

"ஆமாம்மா."

"என் புள்ள யாசர் அந்தப் போதைத் தூளாலதான் செத்தான். எங்க வீட்டு பாத்ரூம்ல, தரையில கெடந்தான். நான் வேலைக்குப் போயிட்டு வந்து பார்க்கறேன், உடம்பு ஜில்லுன்னு இருக்கு. அதக் கொண்டாந்து குடுத்தவனக் காப்பாத்தத்தான் ஓட்டுக் கேக்குறீங்களா?"

சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. கைபேசிகள் உயர்ந்தன. ஓர் அரசியல்வாதி அந்த இடத்தில் என்ன செய்வார்? ஆறுதல் சொல்வார். கையைப் பிடிப்பார். உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது என்று நழுவிவிடுவார். நம் அம்மையார் என்ன சொன்னார் தெரியுமா?

"ஆமாம்மா. அவனையுந்தான்."

ஜைனப் அம்மாளின் கை எழுந்தது. கன்னத்தில் விழுந்த அடியில் அம்மையாரின் கண்ணாடி தெறித்துக் கீழே விழுந்தது. நான் இடையில் பாய்ந்தேன். அம்மையார் என்னைத் தடுத்தார். கண்ணாடியைக்கூடக் குனிந்து எடுக்கவில்லை. ஜைனப் அம்மாள் மின்தூக்கிக்குள் போய்க் கதவு மூடும்வரை அப்படியே நின்றார்.

அந்தக் காணொளி ஊரெல்லாம் சுற்றியது. 'நஞ்சு வியாபாரிகளின் வேட்பாளர்' என்று பட்டம் கொடுத்தார்கள். காவல்துறையில் புகார் கொடுங்கள் என்று எத்தனையோ பேர் சொன்னோம், மறுத்துவிட்டார். வாக்கு எண்ணப்பட்டது. தோற்றார். சாதாரணத் தோல்வி அல்ல, படுதோல்வி! அதன்பிறகு வாடிக்கையாளர்கள் குறைந்தார்கள். கல்யாண அழைப்புகள் குறைந்தன. கோவிலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து வேறிடம் போனார்கள்.

தேர்தல் முடிந்து, கேமராக்கள் எல்லாம் போன பிறகு, அவர் ஜைனப் அம்மாளின் வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். முதல் முறை கதவு திறக்கவில்லை. இரண்டாம் முறையும் இல்லை. மூன்றாம் முறை இரும்புக் கம்பிக் கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"இன்னும் என்ன வேணும்? தேர்தல்தான் முடிஞ்சிடுச்சே."

"யாசர் எப்படிப்பட்ட புள்ளன்னு கேக்க வந்தேன்" என்றார் அம்மையார்.

கதவு திறந்தது.

அன்றுதான் முழுதும் தெரிந்தது. யாசர் இறந்த நாளில் அந்த வீட்டில் இன்னொருவன் இருந்திருக்கிறான். ஸைஃப். அடுத்த புளோக்கில் வளர்ந்தவன். ஜைனப் அம்மாளின் கையால் சோறு தின்றவன். தூளைக் கொண்டுவந்தவன் அவன்தான். யாசர் விழுந்ததும் ஓடிப்போனான். சில காலம் கழித்து வேறொரு சரக்கோடு பிடிபட்டான். தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டு, அப்போது சிறையில் முடிவை எதிர்நோக்கியிருந்தான். "அவனையுந்தான்" என்று கீழ்த்தளத்தில் அம்மையார் சொன்னது இவனைத்தான் என்று அவருக்கே அன்றுவரை தெரியாது!

ஜைனப் அம்மாள் ஒன்றே ஒன்று கேட்டார். "நீங்க வக்கீல்தானே. அவனைப் போயிப் பாருங்க. கடைசியா என் புள்ள ஏதாச்சும் சொன்னானான்னு கேளுங்க."

அம்மையார் ஸைஃபின் கடைசி மனுவை நடத்த ஏற்றுக்கொண்டார். சிறையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஸைஃப். இந்தப் பக்கம் நாங்கள். கேள்வியைக் கேட்டார் அம்மையார். அவன் சொன்னான்.

"அம்மாவக் கூப்பிடுடான்னான். மூச்சு வாங்குச்சு அவனுக்கு. ஆம்புலன்ஸ் கூப்பிட்டா போலீசும் வரும்னு பயந்து ஓடிட்டேன். ஜைனப் அம்மாகிட்ட சொல்லிடுங்க. எதையும் மறைக்காதீங்க."

அந்தச் செய்தியை அம்மையார் ஒரு சொல்கூடக் குறைக்காமல் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஒரு தாயிடம், உன் மகன் உன்னைத்தான் கூப்பிட்டான் என்று சொல்வது எவ்வளவு கொடிது! ஜைனப் அம்மாள் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். கொஞ்சம் அடங்கியதும் அம்மையார் கேட்டார், கருணை மனுவில் கையெழுத்திடுவீர்களா என்று.

"மாட்டேன்" என்றார் ஜைனப் அம்மாள்.

அம்மையார் தலையசைத்தார். மறுபடி கேட்கவேயில்லை.

மனு தள்ளுபடியானது. கருணையும் மறுக்கப்பட்டது. கடைசிச் சந்திப்புக்காக ஸைஃபின் தாய் அவனுக்குப் புதுச் சட்டை வாங்கினார். அளவு தெரியவில்லை, சிறையில் அவ்வளவு இளைத்திருந்தான். கழுத்துப் பட்டன் வரை போட்டும் சட்டை தொளதொளவென்று தொங்கியது. ஒரு வெள்ளிக்கிழமை விடியலில் அவனைத் தூக்கிலிட்டார்கள்.

அன்று காலை நாங்கள் ஸைஃப் வீட்டுக்குப் போனோம். உறவினர் பலர் வெளியே நின்றார்கள். யாரும் உள்ளே போகத் துணியவில்லை. உள்ளே தரையில், ஸைஃபின் தாயின் பக்கத்தில், ஜைனப் அம்மாள் உட்கார்ந்திருந்தார். அவர் மன்னித்துவிட்டாரா? எனக்குத் தெரியாது. அவரும் சொல்லவில்லை. தாய்மார் இருவரில் ஒருவர் அழுதபோது மற்றவர் முதுகைத் தடவினார்.

திரும்பி வரும் வழியில் அம்மையார் காரில் குலுங்கிக் குலுங்கி அழுதார். அவர் அழுது அன்றுதான் பார்த்தேன். "ஒரு ஆளையும் காப்பாத்தலையே ரமணா, என்னத்தப் பெரிசா கிழிச்சுட்டேன்?" என்றார். வெற்றி பெற்றார் என்று இந்த மேடையில் நான் பொய் சொல்ல மாட்டேன். தேர்தலில் தோற்றார். வழக்கில் தோற்றார். ஆனால் அதற்கு அடுத்த திங்கட்கிழமை அலுவலகத்தைத் திறந்து இன்னொரு மனுவை எழுதத் தொடங்கினார். அதை முடிக்கத்தான் அவருக்கு ஆயுள் இல்லை.

அந்த மனுவுக்கு உரியவனின் தாய் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார். பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அம்மா, மீதியை நான் எழுதிவிட்டேன். அடுத்த வாரம் உங்கள் மகனுக்காக நீதிமன்றத்தில் நான் எழுந்து நிற்பேன். அடுத்த தேர்தலிலும் நிற்பேன். எதையும் மறைக்காமல் நிற்பேன். தோற்பேனா? தோற்கலாம். அதற்காக உட்கார்ந்துவிட மாட்டேன்!

அன்பர்களே, உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். எந்த விசாரணைக்குப் போனாலும் பொதுமக்களுக்கான இருக்கைகள் காலியாகவே கிடக்கும். பெற்ற தாய் மட்டும் ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பாள். வரும் புதன்கிழமை காலை அந்த இருக்கைகளில் வந்து உட்காருங்கள். அட்டை பிடிக்க வேண்டாம், முழக்கமிட வேண்டாம். அங்கே உட்கார எவரிடமும் அனுமதி வாங்கத் தேவையில்லை.